41 செக்கனும் 52 நிமிஷமும்

2025 மார்ச்சில் எங்கள் தோட்டத்துக் கோயிலில் ஒரு சின்னச் சண்டை. சனிப்பெயர்ச்சிக்கு எள் விளக்கு எப்போ போடுவது? மார்ச் 29 என்று ஒரு கூட்டம். போனில் இருக்கிற ஆப் அதைத்தான் சொல்லுது, டிவியிலும் அதைத்தான் சொன்னாங்க. இல்லை, 2026 இல்தான் என்று பூசாரித் தாத்தா. அவர் கையில் இருந்தது வாக்கிய பஞ்சாங்கம். ஆப்பில் இருந்தது திருக்கணிதம். ஒரே சனி, ஒரே வானம், நடுவில் கிட்டத்தட்ட ஒரு வருஷம்.

கடைசியில் ரெண்டு தரமும் விளக்குப் போடுவோம் என்று முடிவானது. சனி விஷயத்தில் ரிஸ்க் எடுக்க யாருக்கும் விருப்பமில்லை. ஆனால் சண்டை அங்கே முடியாமல் லயத்து வாட்ஸப் குரூப்புக்கு வந்து சேர்ந்தது. மச்சான் ஒருத்தர் ஒரு ஃபார்வர்ட் போட்டார்: நாசாவே நம்ம பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் ராக்கெட் விடுதாம். அதுக்குத் தங்கச்சி முறையான ஒருத்தி, பதுளை டவுனுக்குப் போய் உயர்தரம் கணிதப் பிரிவு படிக்கிறவள், "எல்லாம் ஏமாத்து. விஞ்ஞானம் வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சது. நாம பார்த்துப் படிக்கிறதோட சரி" என்று பதில் போட்டாள். கொஞ்சப் பேர் கைதட்டல், கொஞ்சப் பேர் கோப மூஞ்சி.

எனக்கு ரெண்டு பேர் மேலேயும் கோபம் வந்தது. மச்சான் மேல் வந்த கோபம் சீக்கிரம் போய்விட்டது, அவர் எதையும் வாசிக்காமல் ஃபார்வர்ட் பண்ணுகிறவர். தங்கச்சி எழுதின அந்தக் கடைசி வரிதான் மனசை விட்டுப் போகவில்லை.

முதலில் அந்த ரெண்டு தேதி. திருக்கணிதம் என்பது இன்றைய வானியல் அவதானிப்போடு திருத்திக்கொண்ட கணக்கு. இந்தத் திருத்தத்துக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடுமையாக வாதாடியவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கிற குடும்பத்தில் பிறந்து சென்னை வானாய்வகத்தில் உதவியாளராக வேலை செய்தவர். 1867 இல் ஆர் ரெட்டிகுலி என்ற ஒளி மாறும் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். வெள்ளி கோள் சூரியனுக்குக் குறுக்கே போன 1874 இல், சாதாரண ஆட்களுக்குப் புரிகிற மாதிரி அதைப் பற்றி ஒரு சின்னப் புத்தகமும் போட்டார். வாக்கியம் வேறு. அது பல நூற்றாண்டுக்கு முந்திய எண்களை அப்படியே வைத்துக்கொண்டு ஓடுகிற கணக்கு. சனி ஒரு ராசியைக் கடக்க ரெண்டரை வருஷம் எடுக்கும். அவ்வளவு மெதுவாகப் போகிற கோளுக்குச் சில பாகை பிழை வந்தாலே தேதி மாதக்கணக்கில் தள்ளிப்போகும். அப்போ வானத்தைப் பார்த்தால் எது சரி? திருக்கணிதம்தான். இதில் இழுத்தடிக்க ஒன்றுமில்லை.

அதனால் வாக்கியம் குப்பை என்று அர்த்தமா?

வாக்கியக் கணக்கின் உயிர் சந்திரனில்தான் இருக்கு. சந்திரன் ஒரே வேகத்தில் ஓடாது. பூமிக்குக் கிட்ட வரும்போது வேகம், தூரப் போகும்போது மெதுவு. ஒரு தரம் கிட்ட வந்து மறுபடி கிட்ட வர சுமார் 27.55 நாள். இதை 9 ஆல் பெருக்கிப் பாருங்க. 248 நாள், கிட்டத்தட்ட மிச்சமே இல்லாமல். அதாவது 248 நாளுக்கு ஒருமுறை சந்திரனின் வேக மாற்றம் அதே வரிசையில் திரும்ப வரும். அப்போ 248 நாளுக்கும் சந்திரன் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று 248 வாக்கியங்களை மனப்பாடம் பண்ணிவிட்டால் போதும், ஆயுசுக்கும் அதை வைத்தே கணக்குப் போடலாம். வாக்கியம் என்றால் நிஜமாகவே வாக்கியம். கடபயாதி முறையில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு எண். க, ட, ப, ய நாலுமே 1. கேட்டால் சமஸ்கிருத வசனம் மாதிரி இருக்கும், பிரித்தால் பாகையும் கலையும் விழும். 248 நாளிலும் வருகிற துளிப் பிழையைச் சரிக்கட்ட 3031 நாள், 12372 நாள் என்று இன்னும் பெரிய சுற்றுகளும் இருக்கு. 3031 நாளில் இந்தச் சந்திரச் சுற்று 110 தரம், 12372 நாளில் 449 தரம். கல்குலேட்டரை எடுத்துத் தட்டிப் பாருங்க, நான் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுறேன். இந்த முறையை விளக்குகிற வாக்கியகரணம் என்ற நூல் 1300 வாக்கில் காஞ்சிப் பக்கம் எழுதப்பட்டது. 1962 இல் குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் சென்னையில் அதைப் பதிப்பித்தார்கள்.

இந்தக் கணக்கு ஐரோப்பியர் கண்ணில் பட்ட கதைக்கு வருவோம்.

பிரான்ஸ்காரர் லெ ஜான்ட்டி. வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க 1761 இல் புதுச்சேரிக்கு வந்துகொண்டிருந்தார். அவர் வந்து சேருமுன் ஊர் இங்கிலீஷ்காரன் கைக்குப் போய்விட்டது. ஆடுகிற கப்பலில் நின்று பார்த்தார், அந்த அளவீடு ஒன்றுக்கும் உதவவில்லை. அடுத்தது 1769 இல். எட்டு வருஷம் இந்தப் பக்கமே இருந்து, புதுச்சேரியில் கருவிகளைப் பூட்டிக் காத்திருந்தார். அன்றைக்குக் காலையில் மேகம். நம்ம ஊர் மேகத்தைப் பற்றி ஹப்புத்தளை, நமுனுகுலைப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1771 இல் அவர் வீடு திரும்பியபோது, செத்துப்போய்விட்டார் என்று சொல்லிச் சொந்தக்காரர்கள் சொத்தைப் பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

அந்தக் காத்திருப்பில் அவர் செய்த உருப்படியான வேலை, தமிழ்க் கணக்கர்கள் கிரகணம் கணிக்கிற முறையைக் கற்றது. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழ்க் கணக்கு 41 செக்கன் குறைவாகச் சொன்னது. ஐரோப்பாவின் மிகச் சிறந்த அட்டவணைகளில் ஒன்றான டோபியாஸ் மேயருடைய அட்டவணை 68 செக்கன் கூடுதலாகச் சொன்னது. இந்த 41 செக்கனை நீங்க ஏற்கெனவே எங்கேயாவது பார்த்திருப்பீங்க. பெருமை ஃபார்வர்ட்களில் இது அடிக்கடி வரும்.

ஃபார்வர்டில் வராதது ஒன்று இருக்கு. 1825 இல் ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி சென்னையில் காலசங்கலித என்று ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். சென்னை வானாய்வகத்தையும் கொஞ்ச காலம் பார்த்துக்கொண்டவர் இவர். புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதரைத் தேடிப்பிடித்து, ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டச் சொன்னார். அந்த மனிதர் பேனாவைத் தொடவில்லை. சோழிகளைத் தரையில் அடுக்கினார், நகர்த்தினார், எடுத்தார். அட்டவணை எல்லாம் வாக்கியமாக அவர் தலைக்குள். 1825 மே 31 இரவுக் கிரகணத்துக்கு அவர் போட்ட கணக்கில் தொடக்கம் 4 நிமிஷம் பிழை, நடு 23 நிமிஷம் பிழை, முடிவு 52 நிமிஷம் பிழை.

41 செக்கன், 52 நிமிஷம். ரெண்டும் ஒரே மரபுதான். முதல் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டால் மச்சான் மாதிரி ஆகலாம். ரெண்டாவதை மட்டும் பிடித்தால் 1829 இல் வட்டுக்கோட்டை செமினரியில் டேனியல் பூர் ஐயர் செய்த மாதிரிச் செய்யலாம். அந்த வருஷம் மார்ச் 20 சந்திர கிரகணத்துக்கு யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கக் கணிதர் விசுவநாத சாஸ்திரி சொன்ன நேரமும் பூர் சொன்ன நேரமும் ஒத்துவரவில்லை. வானம் பூர் பக்கம் நின்றது. அந்த மிஷனரிகளுக்கு அது வெறும் வானியல் வெற்றி இல்லை, சைவத்தை அடிக்கக் கிடைத்த தடி. இத்தனைக்கும் அதே மிஷனைச் சேர்ந்த ஹொய்சிங்டன் 1848 இல் இந்து வானியலைத் தமிழ் மூலத்தோடும் இங்கிலீஷ் மொழிபெயர்ப்போடும் யாழ்ப்பாணத்தில் அச்சடித்தார். அடிக்கிறதுக்காகப் படித்திருக்கலாம், ஆனால் படித்தார்.

எனக்கு வாரன் புத்தகத்தில் உறுத்துவது அந்த 52 நிமிஷம் இல்லை. சோழிக்காரரைப் பற்றி அவர் எழுதிவைத்த குறிப்பு. இந்த ஆளுக்கு இந்து வானியலின் தத்துவம் ஒரு சொல்லும் புரியாது, ஆனால் ஞாபகசக்தி பலம், அதனால் மனசிலும் தரையிலும் கணக்கைத் தெளிவாக அடுக்க முடிகிறது என்கிற மாதிரி ஒரு பாராட்டு.

இதை வாசித்ததும் எங்க அப்பாயி ஞாபகம்தான் வந்தது. அப்பாயி கொழுந்து எடுத்த காலத்தில் ஒவ்வொரு நிறுவைக்கும் சேலை முந்தானையில் முடிச்சுப் போடும். பெரிய முடிச்சு பத்து கிலோவுக்கு, சின்னது ஒரு கிலோவுக்கு. சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கழிக்கிறதையும் மனசில் கழித்துவிடும். மாசக் கடைசியில் பேர் எத்தனை, அரைப்பேர் எத்தனை என்று கணக்கப்பிள்ளையிடம் சொல்லும். புத்தகமும் முடிச்சும் ஒத்துப்போகாத நாளில் ஜெயிப்பது எப்பவும் புத்தகம்தான். "படிக்காத பொம்பளைக்கு என்ன கணக்குத் தெரியும்?" அப்பாயிக்குத் தத்துவம் தெரியாது, ஞாபகசக்தி மட்டும் பலம், அப்படித்தானே?

வாரன் அந்த மனிதரின் பேரை எழுதிவைத்தார், அதற்கு நன்றி சொல்லணும். ஆனால் இங்கிலீஷில் அவர் எழுதிய மாதிரியே வாசித்தால் "சாமி நாடன் சாஷியா". சாமிநாத சேஷய்யாவாக இருந்திருக்கலாம். எங்கள் தோட்டத்தில் பிறப்புச் சான்றிதழில் ஒரு பேர், அடையாள அட்டையில் ஒரு பேர், செக்ரோலில் இன்னொரு பேர் என்று அலைகிற ஆட்களுக்கு இது புதுசில்லை. எழுதுகிறவன் காதில் எப்படி விழுதோ அதுதான் நம்ம பேர்.

இனிக் கொஞ்சம் தூரம் போகணும், ஆனால் அதே 248 ஐப் பிடித்துக்கொண்டே போகலாம்.

வாரன் புத்தகம் நூறு வருஷத்துக்கு மேல் யாரும் பெரிதாகக் கவனிக்காமல் கிடந்தது. 1952 இல் ஆட்டோ நியூகெபவர் என்ற அறிஞர் 'தமிழ் வானியல்' என்றே தலைப்பு வைத்து ஒரு கட்டுரை எழுதினார். (வாக்கியங்கள் சமஸ்கிருதம் என்பதால் இந்தத் தலைப்பைப் பார்த்து நாம ரொம்பத் துள்ள வேண்டாம்.) இவர் பாபிலோனியக் களிமண் பலகைகளில் இருந்த கணக்குகளை வாசித்துப் புரியவைத்தவர். அந்தப் பலகைகளில் 248 நாளுக்கு 9 சந்திரச் சுற்று என்ற அதே கணக்கு இருந்தது. எகிப்தில் கிடைத்த ஒரு கிரேக்கப் பாப்பிரஸில் 248 உம் இருந்தது, 3031 உம் இருந்தது. புதுச்சேரித் தரையில் சோழி நகர்த்தினவரின் கை, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய யூப்ரட்டீஸ் கரையோடு தொடர்புள்ள கை. நியூகெபவர் பிழை எத்தனை நிமிஷம் என்பதைப் பெரிதாக எடுக்கவே இல்லை. இவ்வளவு காலம் இந்த மரபு அறுந்துபோகாமல் வந்திருக்கே என்பதுதான் அவருக்கு ஆச்சரியம்.

நாலு வருஷம் கழித்து, 1956 இல், அதே நியூகெபவர் இன்னொரு புத்தகத்துக்கு வானியல் விளக்கம் எழுதினார். அது பன்னிரண்டாம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடிஸ் எழுதிய அமாவாசைக் கணக்கு நூல். ஒரே மனிதர் தமிழ்ப் பஞ்சாங்கத்தையும் யூதப் பஞ்சாங்கத்தையும் அடுத்தடுத்துப் படித்தது தற்செயல் இல்லை. யூதர்களுக்கும் நம்மைப் போலச் சந்திரனைப் பார்த்துத்தான் பண்டிகை. அவர்கள் கணக்கில் ஒரு சந்திர மாசம் என்பது 29 நாள், 12 மணி, 793 பங்கு. ஒரு மணிக்கு 1080 பங்கு. மாற்றிப் பார்த்தால் 29 நாள் 12 மணி 44 நிமிஷம் மூன்றேகால் செக்கன் சொச்சம். இன்றைய அளவோடு வித்தியாசம் அரைச் செக்கனுக்கும் குறைவு. இந்த எண் பாபிலோன் பலகைகளில் அப்படியே இருக்கு, கிரேக்கத் தொலமியிடமும் இருக்கு.

மைமோனிடிஸ் இதை மறைக்கவில்லை. அவருடைய வாதம் ஏறக்குறைய இப்படிப் போகும்: நம்முடைய பழைய அறிஞர்கள் இதைப் பற்றி எழுதிய நூல்கள் நம்மிடம் வந்து சேரவில்லை, இருப்பது கிரேக்கர் எழுதியவை. ஆனால் நிரூபணம் தெளிவாக இருக்கும்போது, எழுதினது தீர்க்கதரிசியா அந்நியனா என்று பார்க்கத் தேவையில்லை. ஒரு மத நூலுக்குள், பண்டிகை நாள் குறிக்கிற சட்டத்துக்கு நடுவில் இதை எழுதிவைத்திருக்கிறார். எண்ணூறு வருஷத்துக்கு முந்தி. நம்ம குரூப்பில் இதைப் போட்டால் அட்மின் தூக்கிவிடுவார்.

அவருக்கு முந்தித் தலைமுறையில் ஸ்பெயினில் ஆபிரகாம் இபின் எஸ்ரா. இவர் ஹீப்ரு எழுத்துக்களின் முதல் ஒன்பதையும் பூச்சியத்துக்கு ஒரு வட்டத்தையும் வைத்து இந்திய எண்முறையை விளக்கிப் புத்தகம் எழுதினார். இந்திய வானியல் அரபிகளுக்கு எப்படிப் போனது என்று ஒரு கதையும் சொல்கிறார்: கங்கா என்ற இந்திய அறிஞரைக் கூட்டிவர அனுப்பப்பட்டது ஒரு யூத மொழிபெயர்ப்பாளராம். இதைக் கதையாகவே எடுத்துக்கொள்ளுங்க. ஆனால் இந்தியா, பாக்தாத், ஸ்பெயின் என்று அந்தப் பாதை நிஜம், அதில் அரபியும் ஹீப்ருவும் தெரிந்த யூதர்கள் மொழிபெயர்த்ததும் நிஜம். கிறிஸ்தவ அரசர் அல்ஃபோன்சோ பேரில் டொலேடோவில் உருவான அட்டவணைகளை 1260கள் தொடக்கம் தயாரித்தவர்கள் யெஹூதா பென் மோஷே, ஐசாக் பென் சித் என்ற ரெண்டு யூதர்கள். ஐரோப்பா மூன்று நூற்றாண்டு அவற்றை வைத்துத்தான் வானம் பார்த்தது. பேர் மட்டும் அரசருக்கு: அல்ஃபோன்சைன் அட்டவணை. தோட்டத்துக்குத் துரை பேர் வைக்கிற மாதிரிதான்.

இந்தப் பாதையில் நமக்கு ரொம்பக் கிட்ட வருகிறவர் ஆபிரகாம் சக்குட்டோ. சலமன்காவில் 1452 இல் பிறந்தவர். ஹீப்ருவில் பெரிய வானியல் அட்டவணைகள் தயாரித்தார். 1492 இல் ஸ்பெயின் யூதர்களை மொத்தமாக வெளியேற்றியது. அவர் போர்த்துக்கலுக்குப் போனார். 1496 இல் லெய்ரியா என்ற ஊரில், ஒரு யூதருடைய அச்சகத்தில், இன்னொரு யூத வைத்தியர் மொழிபெயர்க்க, அவருடைய அட்டவணை அச்சானது. சூரியனின் உயரத்தை அளந்து, அட்டவணையில் அன்றைய சூரியன் நிலையைப் பார்த்தால், நடுக்கடலில் கப்பல் எந்த அகலக்கோட்டில் நிற்குது என்று சொல்லலாம். 1497 இல் போர்த்துக்கலும் யூதர்களைக் கட்டாயமாக மதம் மாற்றத் தொடங்கியது. சக்குட்டோ அங்கிருந்தும் ஓடி, துனிசியாவில் போய் ஒதுங்கினார். அதே 1497 இல்தான் வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் லிஸ்பனை விட்டுக் கிளம்பின. மறு வருஷம் கோழிக்கோடு. இன்னும் ஏழெட்டு வருஷத்தில் போர்த்துக்கீசர் கொழும்பில்.

கணக்குப் போட்டவர் நாடில்லாமல் அலைகிறார், அவர் கணக்கு கப்பல் ஓட்டுகிறது. இதை வாசிக்கும்போது 1948 குடியுரிமைச் சட்டம் ஞாபகம் வராத மலையகத்துப் பிள்ளை இருக்க முடியாது. தேயிலை நாட்டுக்கு வேணும், அதைப் பறித்த கைக்குக் குடியுரிமை கிடையாது. ஆனால் ஒப்பீட்டை இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளணும். சக்குட்டோ படித்த வர்க்கம், அரசர்களின் அவையில் இருந்தவர். நம்ம ஆட்கள் கால்நடையாகக் காடு கடந்து வந்தவர்கள். இன்னொன்று, அந்த அட்டவணை ஓட்டிய கப்பல்கள் என்ன கொண்டுவந்தன என்று இந்தத் தீவில் இருக்கிற நமக்குத் தெரியும். துன்பப்பட்டவன் செய்த அறிவு என்பதற்காக அது நல்லதற்கே போய்ச் சேரும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இப்போ மச்சானுக்கு வருவோம். "நம்ம முன்னோர்" என்று நீங்க போடுறீங்களே மச்சான், எந்த முன்னோர்? வாக்கியம் சில குடும்பங்களுக்குள், சில சாதிகளுக்குள் பூட்டியிருந்த வித்தை. புதுக்கோட்டையிலும் திருச்சியிலும் ராமநாதபுரத்திலும் இருந்து கோப்பித் தோட்டத்துக்கு வந்த நம்ம பாட்டன் பூட்டன்களில் பெரும்பாலானோரை அந்தக் குடும்பங்கள் திண்ணையில்கூட உட்காரவிட்டிருக்காது. நாள் பார்த்துச் சொல்ல அவர்களிடம் கைகட்டி நின்றதுதான் நம்ம முன்னோருக்கும் பஞ்சாங்கத்துக்கும் இருந்த உறவு. அந்த வித்தையைப் பெருமையாகத் தூக்கிவைக்குமுன் இதையும் சொல்லணும். 1780களில் பெய்லி என்ற பிரெஞ்சுக்காரரும் உங்களை மாதிரித்தான். திருவாரூர் அட்டவணையையும் மற்றதையும் பார்த்துவிட்டு, இந்திய வானியல் கி.மு. 3102 இலேயே நேராக அவதானித்து எழுதினது என்று அடித்துவிட்டார். லப்ளாஸ் கணக்குப் பார்த்து, இல்லை, அது பின்னாளில் இருந்து பின்னோக்கிப் போட்ட தேதி என்று மறுத்தார். கூடுதலாகப் புகழ்ந்தவனால் நமக்கு ஒரு பிரயோசனமும் வரவில்லை. உட்கார்ந்து கணக்குப் பார்த்தவனால்தான் விஷயம் தெரிந்தது.

தங்கச்சிக்குச் சொல்ல வேண்டியது வேறு. "வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சது, நாம பார்த்துப் படிக்கிறது" என்று அவளுக்கு யாரும் மேடை போட்டுச் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கள் தோட்டப் பள்ளிக்கூடம் சாதாரண தரத்தோடு முடியும். உயர்தரத்தில் கணிதமோ விஞ்ஞானமோ படிக்கணும் என்றால் விடிய முதல் பஸ்ஸைப் பிடித்து டவுனுக்கு இறங்கணும். டவுனிலும் பௌதிகவியலுக்குத் தமிழில் ஆசிரியர் இல்லாமல் ஒரு வருஷம் ஓடியிருக்கு. அப்படிப் படிக்கிறவளுக்கு விஞ்ஞானம் இரவல் வாங்கின சாமான் மாதிரித்தான் தெரியும். கலைப் பிரிவுக்குப் போனால் நல்லது என்று வீட்டில் சொல்வார்கள், ஆசிரியர்களும் சொல்வார்கள், கடைசியில் பிள்ளையே சொல்லும்.

அவளுக்கு நான் பெருமை சொல்லிக்கொடுக்கப் போவதில்லை. இந்தக் கணக்கு யாருடைய வீட்டுச் சொத்தும் இல்லை என்பதைத்தான் சொல்லப் பார்க்கிறேன். பாபிலோன்காரன் களிமண்ணில் எழுதினான், கிரேக்கன் எடுத்தான், இந்தியாவுக்கு வந்தது, அரபி எடுத்தான், யூதன் மொழிபெயர்த்தான், லத்தீனுக்குப் போனது. ஐரோப்பிய விஞ்ஞானம் என்று நாம படிக்கிற பொருளில் பாதி, யார் யாரோ கைமாற்றிக் கொடுத்தது. கைமாற்றினவர்களில் பலருக்குச் சொந்த ஊரே நிலையாக இருக்கவில்லை. அந்த வரிசையில் ஒரு தோட்டத்துப் பிள்ளை போய் நிற்க யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. தேவைப்படுவது ஒரு பௌதிகவியல் ஆசிரியரும் பஸ்ஸும்.

நியூகெபவரைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு அவரைப் பிடித்துப்போனது அதனால்தான். யூதர் இல்லை அவர். ஆனால் 1933 இல் நாஸிகளுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்து ஜெர்மனியில் வேலையை விட்டார். 1938 இல் தான் தொடங்கிய கணித சஞ்சிகையில் இருந்து ஒரு யூதக் கணிதரின் பேரை எடுத்தபோது அதையும் விட்டு விலகினார். இதே ஆள் 1951 இல் 'கேவலமான விஷயங்களைப் படிப்பது பற்றி' என்ற மாதிரித் தலைப்பில் ஒரு பக்கக் குறிப்பு எழுதினார். பழைய சோதிட ஏடு ஒன்றை இன்னொரு அறிஞர் கேவலமான குப்பை என்று ஒதுக்கியதற்குப் பதில் அது. குப்பை என்று நினைக்கிற அந்த ஏடுகளின் வழியாகத்தான் வானியல் ஊர் ஊராகப் போனது, அவற்றைப் படிக்காமல் விஞ்ஞான வரலாறு எழுத முடியாது என்பது அவர் பக்கம். சோதிடத்தை நம்பினதால் இல்லை. நம்பாமலே படித்தார். பூசாரித் தாத்தாவின் பஞ்சாங்கத்தை நானும் இப்படித்தான் வாசிக்க ஆசைப்படுகிறேன். சனி என் தலையெழுத்தை மாற்றாது. ஆனால் அந்தப் பக்கங்களில் 248 இருக்கு.

2025 செப்டெம்பர் 7, பினர போயா இரவு, முழுச் சந்திர கிரகணம். தங்கச்சி லயத்துக்கு வந்திருந்தாள். பெரிய சண்டைக்குப் பிறகு முதல் சந்திப்பு, ரெண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. சமைத்ததை எல்லாம் அம்மா மூடிவைத்து மேலே தர்ப்பை போட்டுவிட்டது. பிள்ளைத்தாச்சியாக இருந்த பக்கத்து வீட்டு அக்காவை வெளியே விடவில்லை. நாங்கள் பிரட்டுக்களத்துக்குப் போய் நின்றோம். அப்பாயியும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து கல்லில் உட்கார்ந்தது. 9.57க்குத் தொடங்கும் என்று போன் சொன்னது. தங்கச்சி கொப்பியில் நேரம் எழுதினாள். முதல் கடி விழுந்ததாக அவளுக்குத் தெரிந்தது 9.59க்கு, எனக்கு 10.01க்கு. யார் சரி என்று கொஞ்ச நேரம் வாக்குவாதம்.

சந்திரனின் தெற்குப் பக்கத்தில் சக்குட்டோ பேரில் ஒரு பள்ளம் இருக்கு, பக்கத்திலேயே ரப்பி லெவி பேரில் இன்னொன்று, லெ ஜான்ட்டி பேரிலும் ஒன்று இருக்கு என்று அவளுக்குச் சொன்னேன். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

"சோழிக்காரர் பேரில?" என்றாள்.

"இல்ல."

11 மணிக்குச் சந்திரன் செம்பு நிறமானது. கொஞ்ச நேரத்தில் நமுனுகுலைப் பக்கமிருந்து மிஸ்ட் இறங்கி எல்லாவற்றையும் மூடிவிட்டது. முழுக் கிரகணம் 12.22 வரை இருக்கும் என்று தெரியும், ஆனால் பார்க்க முடியவில்லை. எழும்புவோமா என்று கேட்டதற்கு அப்பாயி, "இன்னும் எத்தன நிமிஷம் இருக்கு?" என்று கேட்டது. தங்கச்சி கொப்பியைப் பார்த்துச் சொன்னாள். அப்பாயி சேலை முந்தானையை இழுத்து, பழைய பழக்கத்தில், ஒரு முடிச்சுப் போட்டது.